அம்மாவோடு ஷார்த்ர்: பாரிஸிலிருந்து ஒரே நாளில் போய் வர முழு வழிகாட்டி

ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். ஐஃபில் டவர் முன்னால் போட்டோ எடுத்தாயிற்று. ஸேன் நதியில் படகில் போயாயிற்று, லாச்சப்பல் பிள்ளையாரையும் கும்பிட்டாயிற்று. அடுத்து எங்கே கூட்டிப்போவது? பாரிஸில் இருக்கும் சிநேகிதிகள் வருஷா வருஷம் கேட்கும் கேள்வி இது. என் பதிலும் வருஷா வருஷம் ஒன்றுதான்: பழைய பேராலயத்துக்குப் பெயர்போன ஊர், ஷார்த்ர்.

வெர்சாய் அரண்மனை அழகுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் வளாகம் 800 ஹெக்டேர். அறை அறையாக, கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். மோன் சன் மிஷேல் என்றால் பாரிஸிலிருந்து போக மட்டுமே நாலு மணி நேரம் ஆகும், அப்புறம் மடத்துக்கு ஏற 350 படிகள். மூட்டு வலிக்காரரை அங்கே கூட்டிப்போனால் போட்டோ கிடைக்கும், மறுநாள் முழுக்கப் படுக்கை. ஷார்த்ருக்கு ஒரே ரயில், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் பேராலய வாசல். பார்க்க வேண்டியதில் முக்கால்வாசியை நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

என் அம்மாவுக்கு 69 வயது, கும்பகோணம், சுத்த சைவம், வலது முழங்கால் தகராறு. இரண்டு தடவை கூட்டிப்போனேன். முதல் தடவை நான் செய்த தப்புகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

நாளைத் தேர்ந்தெடுப்பது

முதலில் பார்க்க வேண்டியது வானிலை. ஷார்த்ருக்குப் போவதே கண்ணாடி ஜன்னல்களைப் பார்க்கத்தான். மழை மூட்டத்திலும் அவை அழகாகத்தான் இருக்கும், ஆனால் வெயில் வந்தால் தரையெல்லாம் நிறம் சிந்தும். இது சாதாரண வட்டார ரயில் என்பதால் டிஜிவி அதிவேக ரயில் மாதிரி விலை ஏறாது, இருக்கை எண்ணும் கிடையாது. முதல் நாள் இரவு வானிலை பார்த்துவிட்டு பிரெஞ்சு ரயில்வேயின் எஸ்.என்.சி.எஃப். செயலியில் டிக்கெட் வாங்கினால் போதும்.

நவிகோ அட்டை (பாரிஸ் வட்டாரப் பயண அட்டை) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது ராம்பூயே வரைதான் செல்லும். ஷார்த்ர் பாரிஸ் வட்டாரமான இல்-து-பிரான்ஸ் எல்லைக்கு வெளியே இருக்கிறது, அதனால் தனி டிக்கெட் கட்டாயம்.

கிழமையும் முக்கியம். பேராலயத் தரையில் பதித்திருக்கும் சுழல்பாதையை (வளைந்து வளைந்து நடுவுக்குப் போகும் நடைவழி), மேலே போட்டிருக்கும் நாற்காலிகளை அகற்றித் திறப்பது தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) தொடங்கி அக்டோபர் கடைசி வரை, வெள்ளிக்கிழமைகளில் மட்டும். சனிக்கிழமை காலையில் காய்கறிச் சந்தை உண்டு. ஞாயிறு காலை பூசை நேரத்தில் உள்ளே சுற்ற முடியாது, திங்கட்கிழமை கடைகள் பாதி மூடியிருக்கும். என்னைக் கேட்டால் வெள்ளி.

பையில் என்ன வைப்பது

சால்வை ஒன்று, ஜூலை மாதமாக இருந்தாலும் சரி. கல் கட்டடம், உள்ளே சில்லென்று இருக்கும். காலுறையோடு ஷூ. புடவைதான் கட்டுவேன் என்றால் கட்டட்டும், ஆனால் கரையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகச் சொல்லுங்கள். மெட்ரோ எஸ்கலேட்டரில் முந்தானையையும் கொசுவத்தையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் என்னையும் பிடித்துக்கொண்டு அம்மா நின்ற நிலை எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. கழுத்துச் சங்கிலி உள்ளே போகட்டும், அல்லது வீட்டிலேயே இருக்கட்டும்.

சின்ன பைனாகுலர் இருந்தால் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்பீர்கள் என்றால், இதைக் கேளுங்கள். ஜன்னல்கள் உயரத்தில் இருக்கின்றன, கதை சின்னச் சின்னக் கட்டங்களில் இருக்கிறது. கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தால்தான் ‘அட, இங்கே ஒருத்தன் ரொட்டி விற்கிறான்’ என்று அம்மாவே கண்டுபிடிப்பார்.

அப்புறம் சில்லறை நாணயம் கொஞ்சம், மதிய மாத்திரை, பிளாஸ்கில் டீ, ஒரு டப்பா புளிசாதம் அல்லது தயிர்சாதம். சாதம் எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

மோன்பர்னாஸ் நிலையமும் ரயிலும்

ஷார்த்ர் ரயில் புறப்படுவது மோன்பர்னாஸிலிருந்து. கார் து நோர் பக்கம் இருப்பவர்கள் மெட்ரோ 4-ல் ஏறினால் மாறாமல் வரலாம். ஆனால் மோன்பர்னாஸ் மெட்ரோவிலிருந்து மேலே ரயில் நிலையத்துக்குப் போவது தனி யாத்திரை: சுரங்க நடை, படி, மறுபடி நடை. முழங்கால் வலி அதிகம் என்றால் போகும்போது பஸ்ஸில் வாருங்கள். பாரிஸ் பஸ்களில் படி ஏறும் வேலை இல்லை, ஜன்னல் வழியே ஊரும் தெரியும். ரயில் நேரத்துக்கு அரைமணி முன்னால் வந்துவிடுங்கள். நடைமேடை எண் புறப்படச் சுமார் 20 நிமிடத்துக்கு முன்புதான் பலகையில் வரும். அதுவரை அம்மாவை உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் பலகையைப் பாருங்கள். நிலையக் கழிவறைக்குக் காசு, ரயிலில் இலவசம். ரயில் ஏறியதும் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் பதற்றம் குறையும்.

ரயில் வெர்சாய் ஷாந்தியே, ராம்பூயே காடு என்று போகும். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் மரங்கள் விலகி, கண்ணுக்கு எட்டிய வரை தட்டையான வயல். இது போஸ் சமவெளி, பிரான்ஸின் கோதுமைக் களஞ்சியம். தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அம்மா ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு, “வரப்பே காணோமே, எப்படி அளக்கறாங்க?” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வயலுக்கு நடுவே இரண்டு கோபுரங்கள் எழும்பினால் ஷார்த்ர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

முதல் அரைமணி: உள்ளே போகாதீர்கள்

நிலையத்திலிருந்து பேராலயம் வரை லேசான ஏற்றம். நேராக உள்ளே நுழைந்துவிடாமல், வழியில் ஒரு கஃபேயில் உட்காருங்கள். ஒரு காபியோ டீயோ வாங்கினால் கழிவறையும் தீர்ந்தது. டீ கேட்டால் வெந்நீரும் பையும்தான் வரும். சூடான பால் வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லுங்கள்: “அவெக் து லே ஷோ.”

அப்புறம் மேற்கு வாசல். எதிரே நின்றால் இரண்டு கோபுரங்களும் ஒன்றுபோல் இல்லை என்பது உடனே தெரியும். வலப்பக்கத்தது 12-ஆம் நூற்றாண்டு, சுமார் 105 மீட்டர், வழவழவென்று மேலே போகிறது. இடப்பக்கத்துப் பழைய மரக்கூம்பு 1506-ல் இடி விழுந்து எரிந்துபோக, ழான் து போஸ் என்ற ஸ்தபதி கட்டியது இப்போது இருப்பது. சுமார் 113 மீட்டர், கல்லில் லேஸ் பின்னியதுபோல. அம்மாக்களில் பலருக்கு இடப்பக்கம்தான் பிடிக்கும். என் ஓட்டு வலப்பக்கத்துக்கு.

இனி வாசல் சிற்பம். மூன்று வாசல்கள், 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் செதுக்கியவை. நீள நீளமாக நிற்கும் ராஜா ராணிகளை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் அம்மாவை இடப்பக்க வாசலின் வளைவைப் பார்க்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு மாதத்து வேலைகளும் ராசிகளும் அங்கே வரிசையாக இருக்கின்றன. கோதுமை அறுப்பு, திராட்சை பிழிவது, குளிர் காய்வது. நடுநடுவே கடகம், சிம்மம், துலாம். பாதிரியாரும் லத்தீனும் தெரியாத நம் அம்மாக்கள் யார் உதவியும் இல்லாமல் படிக்கக்கூடிய கல் இது.

என் அம்மா மீன ராசி, உத்திரட்டாதி. பைனாகுலரை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினாள். “பத்துதான் இருக்கு. என் மீனத்தைக் காணோம், மிதுனமும் இல்லை.” நான் நம்பவில்லை, எண்ணிப் பார்த்தேன், பத்துதான். இடம் போதாமல் அந்த இரண்டையும் வலப்பக்க வாசலில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அங்கே போய் இரண்டு மீன்களைக் கண்டதும் அம்மா முகத்தில் வந்த திருப்தி, லூவ்ரில் மோனாலிசா முன்னால்கூட வரவில்லை. அதே வளைவில் ஏழு கலைகளும் பெண் உருவங்களாக, அவற்றின் கீழே ஆளுக்கொரு அறிஞரும் இருக்கிறார்கள். மணி அடிக்கும் சங்கீதத்தின் அடியில் குனிந்து உட்கார்ந்திருப்பவர் பித்தாகரஸ் என்பார்கள்.

உள்ளே: இரண்டு மணி நேரம், நாலு நாற்காலி

நுழைவு இலவசம். உள்ளே போனதும் கண் பழக ஐந்து நிமிடம் ஆகும். அதுவரை நடக்க வேண்டாம், தரையும் லேசான சரிவு. இரவில் இங்கேயே படுத்துறங்கிய யாத்திரிகர்கள் போன பிறகு கழுவிவிடத்தான் அந்தச் சரிவு என்று சொல்வார்கள்.

முதல் நாற்காலி, வந்த வாசலைத் திரும்பிப் பார்க்கிற மாதிரி. வாசலுக்கு மேலே மூன்று நீள ஜன்னல்கள். 1194-ல் பழைய பேராலயம் எரிந்தபோது தப்பியவை அவை. கோபால்ட் கலந்த அந்த நீலத்துக்குத்தான் ‘ஷார்த்ர் நீலம்’ என்று பெயர். மொத்தம் 176 ஜன்னல்கள் இருந்தாலும், இந்த நீலத்தையும் மற்ற ஜன்னல்களின் நீலத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மயில் கழுத்துக்கும் நேவி ப்ளூவுக்கும் உள்ள வித்தியாசம். மேற்குப் பார்த்தவை என்பதால் மாலை நாலு மணிக்கு மேல் இன்னும் நன்றாக எரியும். கிளம்புவதற்கு முன் ஒரு நடை திரும்ப வாருங்கள்.

இரண்டாவது நாற்காலி, தெற்குப் பக்கம், ‘அழகிய கண்ணாடி மாதா’ எதிரில். சிவப்புப் பின்னணியில் நீல உடுப்போடு மடியில் குழந்தையை வைத்திருக்கும் மாதா. நடுப்பகுதி ஏறக்குறைய 1180-ஐச் சேர்ந்தது. இதற்கு உச்சிவெயில் நேரம் நல்லது. ஜன்னல்களைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். பல ஜன்னல்களின் அடிக்கட்டங்களில் செருப்புத் தைப்பவர், ரொட்டி சுடுபவர், தச்சர், துணி வியாபாரி என்று தொழில் செய்கிறவர்கள் இருப்பார்கள். நம் ஊர்க் கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவோமே, அதன் 13-ஆம் நூற்றாண்டு உறவு.

அங்கிருந்து கருவறையைச் சுற்றிப் பிராகாரம் மாதிரி ஒரு பாதை. அம்மா கேட்காமலே வலமாகத்தான் சுற்றினாள். சுற்றின் உட்பக்கச் சுவரில் மாதா, இயேசு இருவரின் வாழ்க்கை 40 காட்சிகளாக, சுமார் 200 சிலைகளில். 1514-ல் தொடங்கி முடிக்க இருநூறு வருஷம் எடுத்த கொலு. நிதானமாகப் பாருங்கள்.

அந்தச் சுற்றில் ஒரு சிறு கோயிலில் கண்ணாடிக்குள் ஒரு துணி இருக்கும். மாதா உடுத்தியது என்று நம்பிக்கை. 876-ல் வழுக்கைச் சார்லஸ் மன்னர் கொடுத்தது. 1194 தீயில் அதுவும் போயிற்று என்று ஊரே அழுததாம். மூன்று நாள் கழித்து நிலவறையிலிருந்து பத்திரமாக வெளியே வந்ததும், மாதாவே புதுக் கோயில் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டு இந்தப் பேராலயத்தைக் கட்டினார்கள். பெரும்பகுதி முப்பது வருஷத்துக்குள் முடிந்துவிட்டது. பல நூற்றாண்டுகள் எல்லாரும் அதைச் சட்டை என்றே நினைத்திருக்கிறார்கள். 1712-ல் பெட்டியைத் திறந்தால் உள்ளே தைக்காத பட்டுத்துணி, ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். இதைச் சொன்னதும் அம்மா, “அப்ப புடவைதானே?” என்றாள். பிரெஞ்சுப் புரட்சியில் துண்டு போட்டுவிட்டதால் இப்போது இருப்பது அதில் ஒரு பாகம்தான்.

மூன்றாவது நாற்காலி வடக்குப் பக்கம், தூண் மாதா எதிரில். மெழுகுவர்த்தி ஏற்ற நினைத்தால் இங்கே ஏற்றலாம். உண்டியலில் போடச் சில்லறை வேண்டும். வேளாங்கண்ணிக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இந்த இடம் அந்நியமாகவே தெரியாது. 16-ஆம் நூற்றாண்டு மரச்சிலை, ரொம்ப காலம் ‘கருப்பு மாதா’ என்று கொண்டாடப்பட்டது. 2014-ல் சுத்தம் செய்தபோது கருப்பு போய் வெளுத்த முகம் வந்துவிட்டது, அதுதான் பழைய நிறம் என்றார்கள். சுவர்களையும் அப்படியே சந்தன நிறத்துக்குக் கொண்டுவந்தார்கள். உலகம் முழுவதும் சண்டை. அம்மா கட்சி தெளிவு: “எத்தனை பேர் ஏத்தின விளக்குப் புகை அது. அதைப் போய்த் துடைக்கலாமா?” எனக்குச் சுவர் வெளிச்சமானது பிடித்திருக்கிறது, சிலை விஷயத்தில் அம்மா பக்கம்.

நாலாவது நாற்காலி சுழல்பாதைக்குப் பக்கத்தில், வெள்ளிக்கிழமையாக இருந்தால். விட்டம் சுமார் 13 மீட்டர்தான், ஆனால் வளைந்து வளைந்து நடுவுக்குப் போக 260 மீட்டர். முழுக்க நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்க்கலாம், அதுவே நன்றாக இருக்கும். என் அம்மா ஷூவைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு முழுதும் நடந்தாள். நடுவில் போய் நின்று கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு. முழங்கால் வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

கோபுரம் ஏற டிக்கெட் உண்டு, விட்டுவிடுங்கள். நிலவறைக்கு வழிகாட்டியோடுதான் விடுவார்கள், படியும் உண்டு. முடிந்தவர்கள் போகலாம்.

சாப்பாடு

முதல் தடவை நான் கோட்டை விட்டது இங்கேதான். ஜன்னலில் மயங்கி வெளியே வரும்போது மணி 2.20. முதல் உணவகத்தில் அடுப்பு அணைத்தாயிற்று, இரண்டாவதிலும் அதே கதை. பிரான்ஸில் மதியச் சாப்பாடு 12 முதல் 2 வரை, அவ்வளவுதான். அன்று பேராலயத்துக்குப் பின்னால் இருக்கும் ஆயர் (பிஷப்) இல்லத் தோட்டத்தில், பெஞ்சில் உட்கார்ந்து, அம்மா கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தை இரண்டு பேரும் ஒரே ஸ்பூனால் சாப்பிட்டோம். “நான் சொன்னப்ப சிரிச்சே இல்ல?” என்று ஒரு தடவைதான் கேட்டாள். டப்பா எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.

சரியாகச் செய்வதென்றால் 12.15-க்கு வெளியே வந்து ஒரு கிரெப் கடையில் உட்காருங்கள். பக்வீட் மாவில் சுடும் கலெத், பார்க்கவும் மொறுமொறுப்பிலும் நம் கோதுமை தோசைக்கு ஒன்றுவிட்ட தங்கை. சீஸும் காளானும் வைத்துக் கேட்கலாம். “சான் வியாந்த்” (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் போதாது. பன்றி இறைச்சித் துணுக்கை இறைச்சியாகவே எண்ணாத சமையல்காரர்கள் உண்டு. “சான் ஜாம்போன், சான் லார்தோன், சான் ப்வாசோன்” (ஹாம், பன்றித் துணுக்கு, மீன் இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லி, முட்டை வேண்டாம் என்றால் “சான் எஃப்” என்றும் சேருங்கள். தண்ணீருக்கு “உய்ன் கராஃப் தோ” என்றால் காசு கிடையாது.

அதே தோட்டத்தின் புல்தரையிலும் ஒரு சுழல்பாதை வெட்டியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வராதவர்களுக்கு அது ஆறுதல். கீழே எர் நதிப் பள்ளத்தாக்கு தெரியும். திரும்பிப் பார்த்தால் பேராலயக் கூரை பச்சை. 1836-ல் மரக்கூரை எரிந்த பிறகு இரும்புச் சட்டம் போட்டுச் செம்புத் தகடு வேய்ந்தார்கள், செம்பு பாசி நிறமாகிவிட்டது. வீட்டுச் செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கும் கைக்கு இது உறுத்தும்.

மதியத்துக்கு மேல்

கீழ் ஊர் அழகு: நதியோரம் பழைய துணி துவைக்கும் துறைகள், சின்னப் பாலங்கள், மரச்சட்ட வீடுகள். ஆனால் இறங்கினால் ஏற வேண்டும். ஏப்ரலிலிருந்து இலையுதிர்காலம் வரை பேராலயம் பக்கத்திலிருந்து புறப்படும் சுற்றுலாக் குட்டி ரயிலில் ஏறினால் அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், கீழே இறங்கி மேலே கொண்டுவந்து விட்டுவிடும். எனக்கு அந்த மாதிரி ரயில் என்றாலே கூச்சம். அம்மாவுக்குக் கூச்சம் எதுவும் இல்லை, முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். நடக்க முடிந்தவர்கள் எக்குய்யே தெருவில் ‘பெர்த் ராணி படிக்கட்டு’ என்ற மரச்சுருள் மாடத்தைப் பாருங்கள். சுற்றுலா அலுவலகம் இருக்கும் ‘சால்மன் வீடு’ முகப்பிலும் ஒரு மீன் செதுக்கியிருக்கிறது. மறுபடியும் மீனம் என்று அம்மா கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

தெம்பு மிச்சம் இருந்தால் டாக்சியில் பிகாசியெத் வீடு. கல்லறைத் தோட்டத்தில் வேலை பார்த்த ரேமோன் இசிதோர் 1938-லிருந்து உடைந்த தட்டு, கோப்பைச் சில்லுகளைப் பொறுக்கி வீடு முழுக்க ஒட்டியிருக்கிறார். சுவர், அடுப்பு, தையல் மெஷின்கூட விடவில்லை. குளிர்காலத்தில் மூடியிருக்கும், கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பீங்கான் உடைந்தால் அபசகுனம் என்று வளர்ந்தவர்கள் அங்கே என்ன சொல்கிறார்கள் என்று கேட்பதற்காகவே போகலாம்.

பேராலயத்தின் மேல் வண்ண ஒளி காட்டும் இரவு நிகழ்ச்சியைப் பலரும் சொல்வார்கள். கோடையில் இருட்டவே பத்து மணி ஆகிவிடும். அம்மாவோடு அன்றே திரும்புவது கஷ்டம், தங்கினால் மட்டும் பாருங்கள்.

திரும்புவது

நாலரை மணிக்கு மேற்கு ஜன்னல்களை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, ஐந்தரை மணியை ஒட்டி நிலையத்துக்கு இறங்குங்கள். இப்போது வழி இறக்கம். ஏறக்குறைய மணிக்கு ஒரு ரயில், சில இடைவெளிகள் பெரிதாக இருக்கும். அதனால் காலையிலேயே மாலை நேரங்களைக் குறித்துவையுங்கள். பிளாஸ்கில் மிச்ச டீயை ரயிலில் ஊற்றிக்கொடுங்கள், வெர்சாய்க்கு முன்னால் தூங்கிவிடுவார். மோன்பர்னாஸ் வந்ததும் எல்லாரும் இறங்கட்டும் என்று விட்டுவிட்டு, கடைசியாக எழுப்புங்கள். திரும்பும்போது அந்தச் சுரங்க நடை வேண்டாம், வாசலிலேயே டாக்சி பிடித்துவிடுங்கள்.